பனி தேசத்துக்கு மூன்று பிலிம் ரோல்

“வட துருவத்துக்குப் பக்கத்துல போகப் போறே. ஸ்வெட்டர் வாங்கினியா, கம்பளிக் காலுறை வாங்கினியான்னு கேட்டா, பிலிம் வாங்கணும்கிறியே!” என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

சகோதரிகளே, உங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டே செல்போனில் படம் எடுக்கிற காலம் இது. பிலிம் ரோல் என்றால் என் பெண்ணுக்கே தெரியாது. “ஏம்மா, இதுல எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாதா?” என்று கேட்கிறாள். ஆனால் எங்கள் வீட்டில் பிலிமுக்கும் பனிக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் பிறகு பயணத்துக்கு வருகிறேன்.

அப்பா போன அண்டார்ட்டிகா

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரம் சேலையூரில். அப்பா தாம்பரம் விமானப்படைத் தளத்தில் டெக்னீஷியன். 1985 கடைசியில், தென் துருவத்தில் இருக்கும் அண்டார்ட்டிகாவுக்கு நம் நாட்டிலிருந்து போன குழுவில், ஹெலிகாப்டர்களைக் கவனித்துக்கொள்ள அப்பாவையும் சேர்த்திருந்தார்கள். கோவாவிலிருந்து கப்பல். எனக்கு அப்போது நாலு வயது. தம்பி கைக்குழந்தை.

இந்தியாவின் முதல் குழு டாக்டர் காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பி 1982 ஜனவரியில் அண்டார்ட்டிகாவில் கால் வைத்தது. மூன்றாவது குழு போனபோது அங்கே ‘தட்சிண கங்கோத்ரி’ என்ற நிலையத்தைக் கட்டினார்கள். அந்தக் குழுவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சுதீப்தா சென்குப்தா பாறைகளைப் பற்றி ஆராய்கிறவர். அதிதி பந்த் கடலைப் பற்றி ஆராய்கிறவர். இந்தியக் குழுவோடு அண்டார்ட்டிகாவுக்குப் போன முதல் பெண்கள் இவர்கள்தான். “பொம்பளைங்களே போயிட்டு வந்துட்டாங்க, நான் போனா என்ன பயம்?” என்று சொல்லித்தான் அப்பா அம்மாவைச் சமாதானப்படுத்தினாராம்.

அப்பாவிடம் ஒரு ஜெனிட் காமிரா இருந்தது. ரஷ்யாவுக்குப் பயிற்சிக்குப் போய் வந்த நண்பர் கொண்டுவந்து கொடுத்தது. அம்மிக்குழவி மாதிரி கனம். அம்மா பால் கணக்கிலும் மளிகைக் கணக்கிலும் மிச்சம் பிடித்த காசில் மூன்று ரோல் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு ஓர்வோ கறுப்பு வெள்ளை, ஒன்று கலர். ஆக மொத்தம் 108 படம்.

நாலு மாதம் கழித்து அப்பா தாடியோடு வந்து நின்றபோது நான் யாரோ என்று பயந்து அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டேனாம். இரண்டு கறுப்பு வெள்ளை ரோலையும் உடனே கழுவக் கொடுத்தார். ஒன்றில் பென்குவின்கள், கப்பல் எல்லாம் ஓரளவு வந்திருந்தன. இன்னொன்றில் பனி முழுக்கச் சாம்பல் நிறம். நம் முடிச்சூர் ரோட்டில் மழைக்கு முந்தி இருட்டிக்கொண்டு வருமே, அப்படி இருந்தது. இரண்டிலும் அப்பா மட்டும் இல்லை. காமிராவைப் பிடித்தவர் அவர்தானே!

“நான் இருக்கிற படமெல்லாம் கலர் ரோல்ல இருக்கு. நண்பர்கள் எடுத்தாங்க” என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த நாளில் கலர் பிலிமைக் கழுவி 36 படம் போடுவது எங்கள் வீட்டுக்குப் பெரிய செலவு. அதற்கென்று எடுத்துவைத்த பணம் இருந்தது. அந்தச் சமயம் பார்த்துத் தம்பிக்கு டைபாய்டு. டாக்டர் பீஸ், மருந்து என்று அந்தப் பணம் போய்விட்டது. “தீபாவளிக்குக் கழுவிக்கலாம்” என்று அம்மா ரோலைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

சித்திரை, வைகாசி, அக்கினி நட்சத்திரம் எல்லாம் அந்த இரும்புப் பீரோவின் மேல்தான் அடித்தது. ஐப்பசியில் கழுவிப் பார்த்தால், பழுப்பும் ஊதாவும் கலந்த சேறு. நடுவில் மனிதர்கள் நிற்கிற மாதிரி நிழல். அதில் எது அப்பா என்று அப்பாவுக்கே தெரியவில்லை. எடுத்த பிலிமைக் கழுவாமல் வெக்கையில் வைத்தால் அப்படித்தான் ஆகும் என்றாராம் கடைக்காரர்.

அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா 2011-ல் போய்விட்டார். அந்தச் சமயம் மாலை போட ஒரு படம் தேடினபோதும் அம்மா, “அந்தப் பனியில எடுத்த படம் இருந்திருந்தா…” என்றுதான் அழுதாள்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் பிலிம் பிலிம் என்று பறந்தேன் என்று?

எந்த பிலிம்?

டைபாய்டில் பிழைத்த அந்தத் தம்பிதான் இப்போது நார்வேயில், ஆஸ்லோ நகரத்தில் வேலை பார்க்கிறான். “அக்கா, அப்பா தென் கோடியைப் பார்த்தாரு. நீயும் மாமாவும் வாங்க, வட கோடியைக் காட்டறேன்” என்று 2024 ஏப்ரலில் ஸ்வால்பார்டு தீவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். “அந்தக் காமிரா ஒரு தடவை பனியைப் பார்த்திருக்கு. அதையும் எடுத்துட்டுப் போ” என்றாள் அம்மா.

காமிராவைச் சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் இருந்த பெரியவர்தான் எனக்குக் குரு. அவர் சொன்னதை நான் சமையலறைக் கணக்கில் புரிந்துகொண்டேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

பிலிம் பெட்டியில் 100, 200, 400 என்று எண் போட்டிருக்கும். அது வேகம். எண் கூடக்கூடக் குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும். ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பொடி ரவை, பெரிய ரவை வித்தியாசம் மாதிரி. வீட்டுக்குள் எடுக்க 400 நல்லது. பனியில் வெளிச்சம் மேலேயிருந்தும் வரும், கீழேயிருந்தும் அடிக்கும். எங்கள் காமிராவின் அதிகபட்ச வேகம் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. லென்ஸின் துவாரத்தையும் ஓரளவுக்கு மேல் சுருக்க முடியாது. 400 போட்டால் வெய்யில் அடிக்கும் பனியில் வெளிச்சம் மிதமிஞ்சிப் போகும். 200 என்றால் சரியாக அடங்கும்.

அடுத்தது, ஸ்லைடு பிலிமா, நெகட்டிவ் பிலிமா? ஸ்லைடு பிலிம் மைசூர்பாகுக்குக் காய்ச்சும் பாகு மாதிரி. பதம் கொஞ்சம் தப்பினாலும் போச்சு. நெகட்டிவ் பிலிம் சாம்பார் மாதிரி. உப்போ புளியோ கொஞ்சம் கூடினாலும் சரிக்கட்டிவிடலாம். முக்கியமாக, வெளிச்சம் சற்று அதிகமாக விழுந்தால் நெகட்டிவ் பொறுத்துக்கொள்ளும். என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கு அதுதான் சரி.

அப்பாவின் பனி ஏன் சாம்பலானது என்றும் அவரே சொன்னார். வெளிச்சம் அளக்கிற மீட்டருக்குப் பனியைத் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைக்கும். ஆகவே மீட்டர் காட்டுவதைவிட ஒரு மடங்கோ இரண்டு மடங்கோ வெளிச்சம் கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். “உங்க அப்பா மேல தப்பில்லைம்மா, மீட்டரை நம்பிட்டாரு” என்றார் பெரியவர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.

நம் ஊட்டியிலேயே பிலிம் செய்தார்கள், தெரியுமோ? 1960-ல் தொடங்கின இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-லிருந்து ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்தது. பிலிம் செய்யத் தூசி இல்லாத காற்றும் குளிர்ச்சியும் வேண்டும் என்றுதான் மலை மேல் கட்டினார்களாம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமில்கூட அந்தப் பெயர் இருக்கும். இப்போது அந்த ஆலை இல்லை. எல்லாம் வெளிநாட்டுச் சரக்குதான். நான் வாங்கினபோது ஒரு கலர் ரோல் ஆயிரம் ரூபாயைத் தொட்டது. நானும் மூன்று ரோல்தான் வாங்கினேன். இரண்டு கோடக் கோல்ட் 200, ஒன்று இல்ஃபோர்டு கறுப்பு வெள்ளை 125.

“மூணு போதுமா?” என்று இவர் கேட்டார். அதற்கும் பெரியவர் ஒரு கதை சொல்லியிருந்தார். 1915-ல் ஷாக்கிள்டன் என்பவரின் கப்பல் அண்டார்ட்டிகா பனியில் சிக்கி நொறுங்கிப் போனது. அவரோடு போன போட்டோக்காரர் ஃபிராங்க் ஹர்லி, எடுத்த கண்ணாடித் தகடுகளைச் சுமக்க முடியாமல், நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு மீதி சுமார் 400 தகடுகளைப் பனியிலேயே உடைத்துப் போட்டாராம். மீண்டும் எடுத்துவைத்துக்கொள்ள ஆசை வரக்கூடாது என்று! அதன்பின் கையில் இருந்தது ஒரு சின்னக் கோடக் காமிராவும் மூன்று ரோல் பிலிமும்தான். அந்த மூன்று ரோலில் எடுத்ததையும் உலகம் இன்றும் பார்க்கிறது. எனக்கு 108 படம் தாராளம் இல்லையா?

ஃபிரிட்ஜிலிருந்து பனிக்கு

வாங்கின ரோல்களை டப்பாவில் போட்டு, டப்பாவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். தாம்பரத்துச் சித்திரை வெய்யிலுக்குப் பிலிமை வைக்க வேறு இடம் கிடையாது. வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பில் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்குமே, அது பிலிமிலும் கோக்கும். இரண்டு மணி நேரம் விட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

மீனம்பாக்கத்தில் பிலிமைப் பெரிய பெட்டியில் வைக்காமல், கண்ணாடிக் கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கீழே ஏற்றும் பெட்டிகளுக்குப் போடும் எக்ஸ்ரே பலமானது, பிலிமில் புகை படிந்துவிடும். கைப்பைக்குக்கூட இப்போது சில ஊர்களில் புது மாதிரி ஸ்கேனர் வந்திருக்கிறது. அதுவும் ஆகாது. “இதைக் கையால சோதிச்சுக்குங்கம்மா” என்று கேட்டுக்கொண்டேன். அந்தச் சோதனை செய்யும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதுக்குள்ள என்ன இருக்கு?” என்றாள். “இன்னும் ஒண்ணும் இல்லைம்மா” என்றேன். சிரித்துவிட்டு அனுப்பினாள்.

செருப்பைக் கழற்றும் ஊர்

ஆஸ்லோவிலிருந்து மூன்று மணி நேரம் பறந்து லாங்கியர்பைன் என்ற ஊரில் இறங்கினோம். வட துருவம் அங்கிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர்தான். தாம்பரத்தில் கிளம்பும்போது 37 டிகிரி. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 11. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஊரைப் பற்றி என்னவென்று சொல்ல! ஒரு மரம் கிடையாது. நிலத்துக்கு அடியில் எப்போதும் உறைந்த மண் என்பதால் வீடுகளைக் கால் நட்டு அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கொலுப்படி மாதிரி வரிசை. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து நாலு மாதம் சூரியன் மறைவதே இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு வெய்யில்! விளக்கு எப்போது ஏற்றுவது என்று தெரியாமல் நான் கடிகாரத்தைப் பார்த்துச் சுலோகம் சொன்னேன்.

ஓட்டலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். நம் ஊர் வழக்கம் இங்கே எப்படி என்று திகைத்துப்போனேன். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் கரி படிந்த பூட்ஸை வாசலிலேயே விட்டு வந்த வழக்கமாம். மியூசியத்தில்கூட அப்படித்தான். இளம் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. இந்த ஊரில் ஆஸ்பத்திரி உண்டு, ஆனால் பிரசவம் பார்ப்பதில்லை. தேதிக்கு மூன்று வாரம் முந்தியே கர்ப்பிணிகள் நார்வேயின் பெரிய நிலத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரிதான்!

ஊர் எல்லையில் வெள்ளைக் கரடி படம் போட்ட எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. அதைத் தாண்டித் துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. மலைச்சரிவில் உலக நாடுகளின் விதைகளைக் குளிரில் காப்பாற்றி வைக்கும் கிடங்கு இருக்கிறது. 2008-ல் திறந்தது. அதே வருஷம்தான் இந்தத் தீவுக்கூட்டத்தின் நீ-ஆலசுண்டு என்ற ஊரில் நம் நாடு ‘ஹிமாத்ரி’ நிலையத்தைத் திறந்தது. அங்கே கடலுக்கடியில் 2014-ல் ஒரு அளவுக் கருவியை இறக்கினார்கள். அதில் நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரிய பங்கு. வேளச்சேரி போகும்போது பஸ்ஸில் எத்தனை தடவை அந்தக் கட்டடத்தைத் தாண்டியிருப்பேன்!

காமிரா வேலைக்கு வருகிறேன். குளிரில் பிலிம் விறைத்து அப்பளம் மாதிரி ஆகிவிடும். வேகமாகத் திருகினால் முறியும். காற்று ஈரமே இல்லாமல் இருப்பதால், நைலக்ஸ் புடவையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறக்குமே, அந்த மாதிரி பிலிமில் பொறி பட்டு மின்னல் கோடு விழும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் மெள்ள மெள்ளத் திருகினேன். லென்ஸில் தூசி என்று வாயால் ஊதக்கூடாது. மூச்சு அப்படியே பனியாகிவிடும். இவருடைய செல்போன் பத்து நிமிஷத்தில் பாட்டரி செத்து அணைந்துபோனது. அப்பாவின் காமிராவுக்குப் பாட்டரியே கிடையாது. “மாமனார் ஜெயிச்சுட்டாரு” என்று இவரே சொன்னார்.

எனக்கு மனசில் தைத்தது ஒரு கதைதான். 1897-ல் ஆந்த்ரே என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர், இரண்டு பேரோடு இந்தத் தீவுகளிலிருந்து பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பினார். மூவரும் திரும்பவில்லை. 33 வருஷம் கழித்து 1930-ல் வெள்ளைத் தீவு என்ற இடத்தில் அவர்கள் உடல்களும் பொருள்களும் கிடைத்தன. கூடவே, எடுத்துக் கழுவாத பிலிம்! ஸ்டாக்ஹோமில் பக்குவமாகக் கழுவியதில் 93 படங்கள் தேறின. விழுந்து கிடக்கும் பலூன், பக்கத்தில் நிற்கும் மனிதர்கள், எல்லாம் தெரிந்தன. படம் எடுத்த இளைஞர் நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க். ஊரில் அன்னா என்ற பெண்ணை நிச்சயம் செய்துவிட்டு வந்தவர். அன்னா பிறகு வேறொருவரை மணந்து வாழ்ந்தாலும், 1949-ல் இறந்தபோது அவர் விருப்பப்படி அவர் இதயத்தை மட்டும் நில்ஸின் சமாதியில் வைத்தார்களாம்.

33 வருஷம் பனியில் கிடந்த பிலிம் பிழைத்தது. ஏழு மாதம் எங்கள் பீரோவில் கிடந்தது பிழைக்கவில்லை. என் கண் நிறைந்து, இமையில் நீர் குத்துவது போல் குளிர்ந்தது.

தம்பி காமிராவை என் கையிலிருந்து வாங்கினான். “அக்கா, நீயும் அப்பா மாதிரி பனியையே எடுத்துட்டிருக்கே. அங்க போய் நில்லு” என்றான். நின்றேன். அவன் மெள்ளத் திருகி நாலு படம் எடுத்தான்.

போகிறவர்களுக்கு

* அண்டார்ட்டிகா வேண்டாம், சிம்லா, குலு மணாலி போனாலும் இது பொருந்தும். பனிக்கு 100 அல்லது 200 வேக நெகட்டிவ் பிலிம் போதும்.
* பனியில் மீட்டரை நம்பாமல் வெளிச்சத்தை ஒன்றிரண்டு மடங்கு கூட்டுங்கள்.
* குளிரிலிருந்து அறைக்குள் வருமுன், வெளியிலேயே காமிராவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டுங்கள். தண்ணீர் கவரின் மேல் கோக்கும், காமிராவில் கோக்காது.
* பாட்டரி காமிரா என்றால் மாற்றுப் பாட்டரியை உள் சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.
* ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பிலிமைக் கழுவக் கொடுங்கள். சென்னையில் விசாரித்தால் இன்னும் ஓரிரு இடங்களில் செய்கிறார்கள்.
* எடுக்கிறவரையும் ஒரு படம் எடுங்கள்.

அம்மா பார்த்த படம்

விமானம் இறங்கின மறுநாளே மூன்று ரோலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றும் நன்றாக வந்தன. பனி வெள்ளையாகவே இருந்தது. நிழல் விழுந்த இடம் மட்டும் கொஞ்சம் நீலம்.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மலையை, கரடிப் பலகையை, கலர் வீடுகளை எல்லாம் சீக்கிரம் சீக்கிரமாகத் தள்ளிவிட்டாள். நான் நிற்கும் படத்தில் நிறுத்தினாள். பனியின் வெளிச்சம் தாங்காமல் நான் கண்ணைச் சுருக்கி, மூக்கை ஒரு பக்கமாகக் கோணி நிற்கிறேன்.

“அப்படியே உங்க அப்பா. வெய்யில்ல நிக்கும்போது இப்படித்தான் மூஞ்சியை வெச்சுப்பாரு” என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பலூன் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “குளிர்ல இருந்ததால பொழைச்சுதாக்கும். நான் போய் அதைப் பீரோவில வெச்சேனே” என்றாள்.

“அப்ப நம்ம வீட்ல ஃபிரிட்ஜே இல்லியேம்மா” என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஆமாம்ல? பக்கத்து வீட்லகூட இல்லை” என்றாள். பிறகு அந்தப் படத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து, அப்பாவின் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டுக் காப்பி போட எழுந்து போனாள்.